குண்டு விழுந்த காடும் எழுதிவைத்த கோட்பாடும்: வான்படைகள் போரிலிருந்து எதைக் கற்கின்றன?

பால்மரத்தடி (சுங்கை சிப்புட்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவ மாணவர் சிலருக்கு மாலை நேரத்தில் வரலாற்றுப் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். இந்த ஊரில் அவசரகாலத்தை, அதாவது மலாயாக் காடுகளில் மறைந்திருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளோடு பிரிட்டிஷார் நடத்திய போரைப் பற்றிப் பேசப் பாடப்புத்தகத்தைத் திறக்க வேண்டியதே இல்லை. 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதையும் இங்குள்ள பிள்ளைகள் பாட்டிமார் வாயிலாகவே கேட்டு வளர்ந்திருக்கிறார்கள்.

சென்ற வாரம் பிரிட்டிஷ் வான்படையின் 'ஃபயர்டாக்' நடவடிக்கையைப் பற்றிச் சொன்னேன். 1948 ஜூலையில் தொடங்கி 1960 வரை நீடித்த அந்த நடவடிக்கையில் ஸ்பிட்ஃபயர் முதல் கான்பெரா வரை எத்தனையோ வகை விமானங்கள் நம் காடுகளின் மேல் பறந்தன. பாடம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, ஜெர்மானிய நகரங்களை எரித்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் வழியில் வந்ததுதானே இந்த லிங்கன் விமானம்? அத்தனை பெரிய விமானத்தைக் கொண்டு வந்தும் காட்டுக்குள் இருந்த சில ஆயிரம் பேரை ஏன் முடிக்க இயலவில்லை? இயலவில்லை என்று தெரிந்த பிறகும் ஏன் போட்டுக்கொண்டே இருந்தார்கள்?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் கேட்டேன். அவசரகாலத்தின்போது அவர் பத்து வயதுச் சிறுமி; விடியுமுன் தம் தாயாரோடு, தோட்டத் தொழிலாளரைப் பெயர் அழைத்துக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போனவர். "குண்டு போட்டதெல்லாம் காட்டுக்குத்தான்யா, செத்ததெல்லாம் பன்னியும் கொரங்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ரப்பர்ப் பால் வெட்டிய பெண்மணிக்குத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் இருந்தே தெரிந்த உண்மை, கோலாலம்பூர் விமானத் தலைமையகத்தில் இருந்தவர்களுக்கு எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி. வான்படைகள் தம் கோட்பாட்டைப் போரிலிருந்து கற்றுக்கொள்கின்றனவா, அல்லது ஏற்கெனவே நம்பியதற்குப் போரில் சான்று தேடுகின்றனவா?

ஓடுதளம் 18 (பட்டர்வொர்த்) எழுதியது:

வணக்கம் ஐயா. வான்படையின் பராமரிப்புப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விமானத்தைப் பழுது பார்ப்பதே என் தொழிலாக இருந்தது. கோட்பாடு எழுதும் அதிகாரிகளின் அறைக்குள் தேநீர் கொண்டு போனவனுக்குத் தெரியும் அளவுக்குத்தான் அதைப் பற்றித் தெரியும். இருந்தாலும் ஓய்வுக்குப் பிறகு விடாமல் படித்து வருவதால் சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு விமானிகள், ஒரே சூழலில் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே ஒத்துக்கொண்ட விடைதான் கோட்பாடு. எந்த விமானத்தை வாங்குவது, யாரைப் பயிற்றுவிப்பது, தளத்தை எங்கே கட்டுவது என்பவை எல்லாம் அந்த விடையை ஒட்டியே பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடும். ஆகவே போர் தொடங்கி விடை தவறென்று தெரியும் நாளில், கையில் இருக்கும் விமானங்கள் பழைய விடைக்கு ஏற்பச் செய்யப்பட்டவையாகவே இருக்கும். கற்றுக்கொள்ள ஏன் இத்தனை காலம் ஆகிறது என்பதற்குப் பாதிக் காரணம் இதுவே. மூளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரிட்டனும் அமெரிக்காவும் குண்டுவீச்சு விமானம் எப்படியும் இலக்கை எட்டிவிடும் என்று நம்பின. 1941 ஆகஸ்டில் பட் என்ற பிரிட்டிஷ் அரசு ஊழியர், குண்டு போட்ட இடத்தில் விமானங்கள் எடுத்த இரவுப் புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஓர் அறிக்கை தந்தார். இலக்கைத் தாக்கிவிட்டோம் என்று சொல்லித் திரும்பிய விமானங்களில் மூன்றில் ஒன்று மட்டுமே இலக்கிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் சென்றிருந்தது. புகையும் பாதுகாப்பும் மிகுந்த ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில் பத்தில் ஒன்றுதான். விமானிகள் பொய் சொல்லவில்லை. இருட்டில், முகிலுக்கு மேலே, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஐயாவின் கேள்விக்கு இதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். அந்த அறிக்கையைப் படித்தவர்கள் குண்டுவீச்சைக் கைவிட்டிருக்கலாம், வழிகாட்டும் கருவிகளை மேம்படுத்தும் வரை காத்திருந்திருக்கலாம், அல்லது இந்த விமானத்தால் எதை அடிக்க முடியுமோ அதையே இலக்காக மாற்றிக்கொள்ளலாம். 1942 பிப்ரவரியில் வந்த உத்தரவு மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. தொழிற்சாலையைக் குறிபார்க்க முடியாதென்றால் நகரத்தையே குறிவைப்பது என்ற முடிவு அது. கருவிகளும் பின்னால் வந்தன; வழிகாட்டும் தனிப்படையும் அதே ஆண்டு ஆகஸ்டில் உருவானது. ஆனால் நகரங்களை எரிப்பது என்ற தீர்மானம் அதற்குள் வேர்விட்டுவிட்டது. அறிக்கை சொன்னது ஒரு குறைபாட்டை மட்டுமே. அதற்கு என்ன பரிகாரம் என்பதை அங்கே ஏற்கெனவே இருந்த நம்பிக்கையும் நாற்காலியும் சேர்ந்து முடிவு செய்தன.

அமெரிக்கர்கள் பகலில் பறந்தார்கள். நெருக்கமாக அணிவகுத்தால் தம் துப்பாக்கிகளே தம்மைக் காக்கும் என்பது அவர்களுடைய கோட்பாடு. 1943 ஆகஸ்டு 17 அன்று ரீகன்ஸ்பர்க், ஷ்வைன்ஃபர்ட் நகரங்களுக்கு அனுப்பிய 376 விமானங்களில் 60 திரும்பவில்லை. அக்டோபர் 14 அன்று ஷ்வைன்ஃபர்டுக்கு மறுபடியும் போனார்கள். 291 விமானங்களில் மீண்டும் 60 வீழ்ந்தன. சண்டை விமானங்களின் வழித்துணை இல்லாமல் ஜெர்மனிக்குள் ஆழமாகப் போவது அதோடு நின்றது. கழற்றி விடக்கூடிய எண்ணெய்த் தொட்டிகளோடு முஸ்டாங் சண்டை விமானம் வந்தது. 1944 தொடக்கத்தில் தளபதி டூலிட்டில் சண்டை விமானங்களைக் குண்டுவீச்சு விமானங்களின் பக்கத்திலேயே கட்டிப்போடாமல், எதிரி விமானங்களைத் தேடிப் போய் அழிக்கச் சொன்னார். இதையே நல்ல கற்றல் என்று பல புத்தகங்கள் மெச்சுகின்றன. எனக்கு முழு உடன்பாடில்லை. வெளித்தொட்டி ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல; வழித்துணை தேவையில்லை என்று கோட்பாடு சொன்னதால்தான் அதற்கு முன்பே யாரும் அவசரம் காட்டவில்லை. ஓராண்டில் இருமுறை அறுபது அறுபதாக இழந்த பிறகே அவசரம் வந்தது.

கூலிம்வாசி எழுதியது:

வேகமாகக் கற்றதற்கும் ஓர் எடுத்துக்காட்டு இருக்க வேண்டும் அல்லவா? 1999 கார்கில் போரில் இந்திய வான்படை மே 26 அன்று தாக்குதலைத் தொடங்கியது. அடுத்த நாள் ஒரு மிக்-27 எஞ்சின் நின்று விழுந்தது, ஒரு மிக்-21 சுட்டு வீழ்த்தப்பட்டது. 28 அன்று ஒரு மி-17 ஹெலிகாப்டரும் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைக்கு இரையானது. உடனே ஆயுதம் ஏந்திய ஹெலிகாப்டர்களைப் பின்னுக்கு எடுத்தார்கள், விமானங்களை ஏவுகணை எட்டாத உயரத்துக்கு ஏற்றினார்கள். உயரத்தில் இருந்து போட்டால் குறி தவறும் என்பதால் மிராஜ்-2000 விமானங்களில் லேசர் வழிகாட்டும் குண்டுகளைப் பொருத்தி, ஜூன் 24 அன்று டைகர் மலையைத் தாக்கினார்கள். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற அரசின் தடையும் இருந்தது. ஒரு மாதத்துக்குள் இத்தனை மாற்றம் செய்ய முடிந்தது என்றால், வான்படைகள் எல்லாமே மந்தமானவை என்று சொல்லிவிட முடியாது.

பிளுஸ் ஆற்றங்கரை எழுதியது:

கூலிம் நண்பர் சொன்னது சரிதான், ஆனால் அங்கே மாறியது செய்யும் முறை. ஐயாவின் பெரியம்மா கேட்பது, செய்யும் வேலையே சரியான வேலையா என்பதை. முறையை ஒரு வாரத்தில் மாற்றலாம். வேலையை மாற்றுவதற்கு, தம் படையின் மதிப்பு எதில் இருக்கிறது என்பதையே ஒரு வான்படை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும். மலாயாவில் அந்தக் கடினமான இரண்டாவது மாற்றம் அரைகுறையாக நடந்தது என்பதே என் வாசிப்பு. ஊர் சார்ந்த செய்தி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

1948-இல் பிரிட்டிஷ் வான்படை மலாயாவுக்குள் இரண்டு பழைய அனுபவங்களோடு வந்தது. முதலாவது 1920-களில் ஈராக்கில் கிடைத்தது: கலகம் செய்யும் ஊர்களின் மேல் விமானத்தை அனுப்பினால், தரைப்படைக்கு ஆகும் செலவில் சிறு பகுதியிலேயே அடக்கிவிடலாம் என்ற எண்ணம். இரண்டாவது 1944-இல் பர்மாவில் கிடைத்தது: ஜப்பானியர் சூழ்ந்துகொண்ட படைகளுக்கு டகோட்டா விமானங்கள் வானத்திலிருந்து உணவும் தோட்டாவும் போட்டு, பின்வாங்காமலே போரிடச் செய்த முறை. முன்னதில் விமானம் ஆயுதம். பின்னதில் விமானம் மாட்டுவண்டி. எந்த வான்படை அதிகாரிக்கும் ஆயுதமே கௌரவமாகத் தோன்றும். அதனால் தொடக்க ஆண்டுகளில் ஸ்பிட்ஃபயர், போஃபைட்டர், பிரிகண்ட் விமானங்கள் காட்டின் மேல் ராக்கெட்டும் குண்டும் பொழிந்தன. பிரிட்டிஷ் வான்படையின் ஸ்பிட்ஃபயர் கடைசியாகத் தாக்குதலுக்குப் புறப்பட்டதே இந்த நாட்டில்தான், 1951 ஜனவரி 1 அன்று. 1950-இல் ஆஸ்திரேலியாவின் முதலாவது படைப்பிரிவு லிங்கன் விமானங்களோடு சிங்கப்பூருக்கு வந்தது.

நம் காட்டை அறிந்தவர்களுக்கு இதில் உள்ள சிக்கலை விளக்க வேண்டியதில்லை. ஐம்பது மீட்டர் உயரத்தில் மரக்கூரை. அதன் கீழே என்ன இருக்கிறது என்று விமானிக்குத் தெரியாது. குண்டு சில வேளை கிளையிலேயே வெடித்துவிடும். தகவல் கிடைத்து, அந்தப் பகுதியில் தோட்டத் தொழிலாளரோ பழங்குடியினரான ஒராங் அஸ்லியோ நம் சுற்றுக்காவல் படையோ இல்லை என்று உறுதி செய்து, அனுமதி வாங்கி விமானம் புறப்படும்போது, முகாமில் இருந்தவர்கள் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மலைக்குப் போயிருப்பார்கள். பெரியம்மா சொன்ன பன்றியும் குரங்கும் மட்டுமே அங்கே எஞ்சியிருக்கும்.

ஏன் நிறுத்தவில்லை? சரணடைந்தவர்கள் சிலர், குண்டுவீச்சு தங்களை ஓரிடத்தில் தங்கவிடாமல் அலைக்கழித்தது என்று சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்த வாதத்தில் ஒரு வசதி இருப்பதைக் கவனியுங்கள்: கொன்றால் வெற்றி, கொல்லாவிட்டாலும் அலைக்கழித்தோம் என்பதால் அதுவும் வெற்றி. தோற்க வழியே இல்லாத வாதத்தை வைத்துக்கொண்டு எந்த நிறுவனமும் எதையும் கற்க இயலாது. தோட்டத் துரைமாரும் விமானச் சத்தம் கேட்டால் தமக்குத் துணை இருப்பதாக மனம் தேறினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குண்டுவீச்சுக்குக் காட்டுக்கு வெளியேயும் பார்வையாளர்கள் இருந்தார்கள்.

உண்மையான கற்றல் அதே காலத்தில் வேறு பக்கத்தில், பெருமை குறைந்த விமானங்களில் நடந்தது. ஆஸ்டர் என்ற சிறு விமானத்தை 656-ஆம் படைப்பிரிவின் விமானிகள் ஓட்டினார்கள். ஒருவர் மாதக்கணக்கில் ஒரே காட்டுப் பகுதியின் மேல் பறப்பார். நம் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி தன் மரங்களை அறிந்ததுபோல அந்தக் காட்டை அறிவார். நேற்று இல்லாத புகை, புதிதாக வெட்டிய மரவள்ளித் துண்டு நிலம், ஓடைக்கரையில் நிறம் மாறிய ஒரு திட்டு என எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. 81-ஆம் படைப்பிரிவின் மொஸ்கிட்டோ விமானங்கள் எடுத்த புகைப்படங்களிலிருந்தே காட்டின் சரியான வரைபடங்கள் உருவாயின. அதற்கு முன் வரைபடத்தில் பல இடங்கள் வெறும் வெள்ளையாகவே இருந்தன.

அடுத்தது உணவு. காட்டுக்குள் நடக்கும் படைவீரர் முதுகில் சில நாள் உணவைத்தான் சுமக்க முடியும். அது தீர்ந்தால் திரும்ப வேண்டும், திரும்பும்போது எதிரி மூச்சு விடுவார். டகோட்டாவும் பிறகு வலெட்டாவும் மரங்களுக்கிடையே வெட்டிய சிறு இடைவெளியில் வான்குடைகளில் அரிசியையும் மருந்தையும் இறக்கியதால், ஒரு படைப்பிரிவு வாரக்கணக்கில் உள்ளேயே தங்க முடிந்தது. பர்மாவில் கற்ற பாடம் இங்கே பயன்பட்டது. பள்ளத்தாக்குக்குள் தாழப் பறந்து பொதி போடும் விமானிக்கு மலையும் மழைமுகிலும்தான் எதிரி; குண்டு போட்டவரை விட அவருக்கே ஆபத்து மிகுதி என்பது என் எண்ணம்.

1950-இல் காயம்பட்டவரைத் தூக்கிவர டிராகன்ஃபிளை ஹெலிகாப்டர்கள் சில வந்தன. 1953 ஜனவரியில் பிரிட்டிஷ் கடற்படையின் 848-ஆம் படைப்பிரிவு பத்து எஸ்-55 ஹெலிகாப்டர்களோடு வந்து சேர்ந்ததும், நான்கைந்து நாள் நடக்க வேண்டிய தூரம் அரைமணிக்குள் சுருங்கியது. 1954 முதல் பயனியர் என்ற விமானம் கோழிமுற்றம் அளவுக் குறுகிய ஓடுதளங்களில் இறங்கி ஏறியது. நம் பிளுஸ் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள லெகாப் போன்ற காட்டுக் கோட்டைகள், அதாவது காட்டுக்குள் அமைத்த காவல் நிலையங்கள், அந்த வான்வழித் தொடர்பினால் உயிர் வாழ்ந்தவை. ஒராங் அஸ்லி மக்களைக் காட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து கம்பி வேலிக்குள் அடைத்தபோது நோயிலும் ஏக்கத்திலும் பலர் மாண்டனர். அந்தக் கொடுமைக்குப் பிறகே, அவர்களை வெளியே கொண்டுவருவதை விட்டு, மருந்தும் கடையும் காவலும் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் வந்தது. விமானம் இல்லாமல் அது நடந்திருக்காது.

தவறான பாடமும் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு நம் பேராக்கிலேயே சான்று உண்டு. 1952 பிப்ரவரியில் பெலூம் பள்ளத்தாக்கில் சிறப்புப் படையினர் வான்குடையில் குதித்தபோது பலர் மரங்களில் சிக்கிக்கொண்டனர், ஆயினும் காயம் குறைவு. உடனே, வேண்டுமென்றே மரத்தின் மேல் குதித்து, கயிறு கட்டி இறங்குவது என்று ஒரு முறையே வகுத்துவிட்டார்கள். பின்னாளில் எலும்பு முறிவும் உயிரிழப்பும் நேர்ந்த பிறகே, முதல் நாளில் நடந்தது நல்லூழ் என்பது புரிந்தது. அதற்குள் ஹெலிகாப்டர் வந்து அந்த முறையையே தேவையற்றதாக்கியது.

இவை அனைத்தையும் ஒரு சரடில் கோத்தது தரையில் இருந்த ஓர் ஏற்பாடு. 1950-இல் பிரிட்டிஷ் தளபதி பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி காட்டோரம் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர், வேலியும் காவலும் போட்ட புதுக்கிராமங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். காட்டுக்குப் போகும் உணவு அறுந்தது. மாவட்டந்தோறும் காவல்துறை அதிகாரி, படைத்தளபதி, மாவட்ட அதிகாரி ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து முடிவெடுத்தனர். அந்த மேசையில் வான்படை தன் சொந்தப் போரை நடத்த முடியாது. கேட்டதைத் தரும் துணையாகவே இருக்க முடியும். தானே போரை வெல்ல வேண்டும் என்ற கனவைத் தள்ளிவைத்த பிறகே அது மெய்யாகவே பயன்பட்டது.

சுங்கைப் பட்டாணிக்காரன் எழுதியது:

நீங்கள் எல்லோரும் 1948-இலிருந்து தொடங்குகிறீர்கள். எங்கள் ஊர் விமானத்தளம் 1941-ஐ மறக்கவில்லை.

ஜப்பானியரைக் கடலிலேயே மூழ்கடித்துவிடலாம் என்பது அன்றைய பிரிட்டிஷ் திட்டம். அதற்காக அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி, பட்டர்வொர்த், கோத்தா பாரு என வடக்கே தளங்களைக் கட்டினார்கள். அந்தத் தளங்களைத் தரைப்படையால் காக்க முடியுமா என்பதைத் தீரக் கலந்து பேசவில்லை. 336 விமானங்கள் வேண்டும் என்று இலண்டனே ஒப்புக்கொண்டிருந்தது; போர் தொடங்கிய நாளில் முன்னணியில் இருந்தவை ஏறத்தாழ 160, அவற்றிலும் சண்டை விமானங்கள் மந்தமான பஃபலோ. டிசம்பர் 8 அன்று வடக்குத் தளங்களில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே நாளில் பயனற்றுப்போயின. 9 அன்று பட்டர்வொர்த்தில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே தம் பிளென்ஹைமில் எழும்பிய ஸ்கார்ஃப் என்ற அதிகாரி, மற்ற விமானங்கள் எழ முடியாமல் போனதால் தனியாகவே தாய்லாந்தின் சிங்கோரா சென்று தாக்கி, படுகாயத்தோடு அலோர் ஸ்டாரில் தரையிறக்கி உயிர் விட்டார். 10 அன்று குவாந்தான் கடலில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரு போர்க்கப்பல்கள், சைகோன் பக்கத்திலிருந்து பறந்து வந்த ஜப்பானிய விமானங்களால் மூழ்கின. மாலுமிகள் 840 பேர் மாண்டனர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விமானத்தால் கப்பலை மூழ்கடிக்கலாம் என்ற பிரிட்டிஷ் கோட்பாடு சரியானதே. அதை மெய்ப்பித்தவர்கள்தாம் ஜப்பானியர். எழுதியது சரியாக இருந்தும் கையில் கருவி இல்லாவிட்டால், அந்தத் தாளை நம்பிக் கட்டிய ஓடுதளமே எதிரிக்குப் பரிசாகப் போய்விடும். எங்கள் ஊரில் அப்படித்தான் போயிற்று. ஜப்பானியர் எங்கள் தாத்தாவைச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனது அதற்குப் பின் வந்த கதை.

பால்மரத்தடி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. பிளுஸ் ஆற்றங்கரை ஐயா, நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்தேன். அதே மாணவி விடவில்லை: அப்படியென்றால் குண்டுவீச்சால் ஒரு பயனுமே இல்லையா, ஒருமுறையாவது குறி தவறாமல் விழுந்ததா என்று கேட்கிறாள். இன்னொரு மாணவன், மலாயாவில் கற்றதை அமெரிக்கர்கள் வியட்நாமில் ஏன் பயன்படுத்தவில்லை என்கிறான்.

பிளுஸ் ஆற்றங்கரை எழுதியது:

தங்கை கேட்டது நியாயம். 1956 பிப்ரவரியில் ஜொகூரின் குளுவாங் அருகே, இருப்பிடத்தைத் திட்டமாக அறிந்துகொண்ட பிறகு லிங்கன்களும் கான்பெராக்களும் ஒரு முகாமைத் தாக்கியதில், அங்கிருந்த பிரிவின் தலைவர் உட்பட பதினான்கு பேர் மாண்டனர். பன்னிரண்டு ஆண்டுக் குண்டுவீச்சில் பெயர் சொல்லும்படியான வெற்றி அது. அதற்கு முன் எத்தனையோ மடங்கு குண்டுகள் போட்டும் கிடைக்காதது அன்று கிடைத்ததற்குக் காரணம் உளவுத்துறையின் தகவல். குண்டின் எடை முன்பும் அதேதான். வான்படையின் வரலாற்றில் அந்த நாளைக் குண்டுவீச்சின் பெயரில் எழுதுகிறார்கள். காவல்துறையின் பெயரில் எழுதியிருந்தால் அடுத்த தலைமுறை வேறு பாடத்தைக் கற்றிருக்கும்.

தம்பியின் கேள்விக்கு: அமெரிக்கர்கள் பயன்படுத்தினார்கள், அதுதான் சிக்கல். புதுக்கிராமத்தைப் பார்த்து வியட்நாமில் வேலியிட்ட ஊர்களை அமைத்தார்கள். இங்கே போராளிகள் காட்டில் போட்ட பயிர்த் தோட்டங்களின் மேல் களைக்கொல்லி மருந்து தெளித்ததை முன்னுதாரணமாகக் காட்டி அங்கே காட்டையே கருக்கினார்கள். ஹெலிகாப்டரையும் கொண்டு போனார்கள். மலாயாக் காட்டில் இருந்தவர்களிடம் விமானத்தைச் சுடும் ஆயுதம் ஏறத்தாழ இல்லை, வெளியிலிருந்து வரவும் வழியில்லை. வியட்நாமில் 1963 ஜனவரி 2 அன்று அப் பாக் என்ற ஊரில் ஒரே நாளில் ஐந்து ஹெலிகாப்டர்கள் வீழ்ந்தன. இங்கே ஹெலிகாப்டர் பாதுகாப்பாகப் பறந்ததற்கு எதிரியின் ஏழ்மையும் ஒரு காரணம் என்ற வரியை யாரும் சேர்த்து எழுதிக் கொடுக்கவில்லை.

ஓடுதளம் 18 எழுதியது:

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1958 ஜூனில் நம் நாட்டு வான்படை பிறந்தபோது முதல் விமானமாக வந்தது டுவின் பயனியர். அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதற்கு 'லாங் ராஜாவாலி' என்று பெயர் வைத்தார். ஜெட் சண்டை விமானம் வாங்கிப் பெருமைப்பட்டிருக்கலாம். ஆனால் காட்டுக் கோட்டையில் இறங்கி நோயாளியை ஏற்றி வரக்கூடிய விமானம்தான் அன்று தேவைப்பட்டது. ஃபயர்டாக் அதுவரை கற்றுத் தந்ததை நான் வேலை செய்த படை ஏட்டில் எழுதியதோ இல்லையோ, கொள்முதல் பட்டியலில் எழுதியது. பிள்ளைகளுக்கு ஆய்வுத்தாள் எழுதக் கொடுப்பதாக இருந்தால், ஒரு வான்படை தன் கோட்பாட்டைப் பற்றிச் சொல்வதையும் அது வாங்கும் விமானங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பால்மரத்தடி எழுதியது:

அப்படியே செய்கிறேன் ஐயா. பெரியம்மாவிடம் நேற்று இரவு இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். குண்டைப் பற்றி மேலும் கேட்டதற்கு ஆர்வம் காட்டவில்லை. ஆனால் 'பேசும் விமானம்' என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஒலிபெருக்கி கட்டிய டகோட்டா, காட்டில் இருப்பவர்களைச் சரணடையச் சொல்லி முப்பது விநாடிச் செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு தோட்டத்தின் மேல் வட்டமடித்ததாம். வலெட்டாவின் எஞ்சின் இரைச்சல் குரலை அமுக்கிவிட்டதால் பழைய டகோட்டாவையே அதற்கு வைத்துக்கொண்டார்கள் என்று எங்கோ படித்த நினைவு எனக்கு. முதல் நாள் அது சீனத்தில் பேசியது யாருக்கும் விளங்கவில்லை. கூலி உயர்வு அறிவிக்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, பால் வாளியை அப்படியே மரத்தடியில் வைத்துவிட்டு அந்த நிரையில் பால் வெட்டிய அத்தனை பேரும் பெரட்டுக்களத்துக்கு ஓடினார்களாம். அன்று கங்காணி பாதிச் சம்பளம்தான் போட்டார் என்பதைப் பெரியம்மா இன்னும் மன்னிக்கவில்லை.